மூன்றும் நான்கும்

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுகிறார்கள். முதல் இழுப்பில் வருவதுதான் கெட்டியானது. அடுத்தடுத்த இழுப்புகளில் சாதாரண ரத்தம் கலந்து நீர்த்துப்போகும். அந்த முதல் துளிகளை உடனே கண்ணாடித் தகட்டில் இழுத்துக்கொள்வார்கள். மிச்சம் இரண்டு குழாய்களுக்குப் பிரியும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அதில் போகும் செல்கள் உயிரோடு ஆய்வகம் சேர வேண்டும், அவற்றை வளர்த்துத்தான் குரோமோசோம்களை எண்ணுவார்கள். ஊதா மூடிக் குழாயில் இடிடிஏ. அதில் போவது மரபணு வாசிப்புக்கு. இரண்டு குழாய்களையும் மாற்றிவிடக் கூடாது. ஹெப்பாரின் கலந்த மாதிரியில் மரபணுத் துண்டுகளைப் பெருக்கும் பிசிஆர் வினை முடங்கிப்போகும்.

இந்த ஊதா மூடிக் குழாய்க்குள் இருப்பதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை இப்போது மரபணு பேனல் வைத்து நுணுக்கமாக வகைபிரிக்கிறார்கள் என்பது செய்தியாக எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அந்த வாசிப்பின் நயம் வந்து சேரவில்லை. நோயும் கண்ணீருமான இடத்தில் நயம் பார்ப்பதா என்று சிலர் கேட்கலாம். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பதைப்போடு பார்க்கிறவர்களுக்குத்தான் இந்த நுட்பத்தின் அருமை முழுதாகத் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

வலங்கைமான் பக்கத்து வீடு ஒன்றில் பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்தால் அந்த வீடு இரண்டு திசைகளில் திரும்பும். ஒன்று, வரதராஜம்பேட்டை மகா மாரியம்மன். இனித் தேறாது என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்து எழுந்தால், பச்சை மூங்கிலில் பாடை கட்டி, அதில் உயிரோடு படுத்து, உறவினர் நால்வர் தோள்கொடுக்க, ஒருவர் முன்னால் தீச்சட்டி ஏந்திப் போகக் கோயிலை வலம் வருவதாக வேண்டிக்கொள்கிற பாடைக்காவடி இங்கேதான். பங்குனி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் இந்தச் சீமையில் எத்தனை பேர் என்பது கண்முன் நிற்கும். இன்னொரு திசை அடையாறு, அல்லது வேலூர். பிள்ளையின் சட்டைப்பையில் குங்குமப் பொட்டலமும், தாயின் பையில் ரிப்போர்ட் கட்டும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுகின்றன.

அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி எழுப்பிய இடம் அது. அங்கே வாழ்நாளெல்லாம் உழைத்த டாக்டர் வி. சாந்தாவும் மும்பை, டெல்லி மருத்துவர்களும் அமெரிக்காவின் இயன் மக்ராத்தும் சேர்ந்து 1984-இல் எம்சிபி-841 என்ற மருந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் நாட்டில் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 20 சதவீதம்கூடப் பிழைக்கவில்லை. அந்த ஒரே திட்டத்தை ஒழுங்காகக் கொடுத்ததிலேயே பிழைத்தவர் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே வரிசை. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய கொடை.

ஆனால் ஒரே திட்டம் என்றால், குறைந்த மருந்திலேயே தேறக்கூடிய பிள்ளையும் முழு விஷத்தையும் வாங்கிக்கொள்ளும். வேறு மருந்து தேவைப்படுகிற பிள்ளைக்கு அது கிடைக்காமலே போகும். யார் எந்தப் பிள்ளை என்று பிரிக்க வேண்டும். பேனல் வாசிப்பு இந்தப் பிரிக்கிற வேலைக்குத்தான்.

முறை இதுதான். செல்களிலிருந்து பிரித்த டிஎன்ஏ-வைச் சில நூறு எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டின் முனையிலும், இது இன்ன குழந்தையினுடையது என்று அடையாளம் சொல்லும் சிறு எழுத்துத்தொடர் ஒட்டப்படும். பிறகு, தேவையான மரபணுக்களோடு மட்டும் பொருந்தும்படி செய்துவைத்த தூண்டில் துண்டுகளை உள்ளே விடுகிறார்கள். அவற்றின் வாலில் பயோட்டின் இருக்கும். காந்த மணிகள் அந்த பயோட்டினைப் பற்றிக்கொள்ளும். குழாயின் வெளியே காந்தத்தை வைத்தால் வேண்டியவை சுவரோடு நின்றுவிடும், வேண்டாதவை கழுவிப் போய்விடும். மனித டிஎன்ஏ-வின் முந்நூறு கோடி எழுத்துகளில், இந்த நோய்க்குச் சம்பந்தப்பட்ட சில நூறு மரபணுக்கள் மட்டும் மிஞ்சும். அவற்றை இயந்திரம் எழுத்தெழுத்தாகக் கட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒளிவிடும், கேமரா படம் பிடிக்கும். ஒரே இடத்தை ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஐந்நூறு தடவை, ஆயிரம் தடவை படிக்கிறார்கள்.

ஏன் அத்தனை தடவை? இங்கே எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். அவருடைய உத்தமதானபுரம் இதே வலங்கைமான் வட்டத்தில்தான் இருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் இருந்துகொண்டு சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றுவதற்கு முன் அவர் எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார்! ஏட்டில் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒன்றாகவே இருக்கும். ஓர் ஏட்டில் கண்ட எழுத்து எழுதியவர் கைப்பிழையா, உண்மையான பாடபேதமா என்று ஒரே பிரதியை வைத்துச் சொல்ல முடியாது. பத்துப் பிரதியில் எத்தனை பிரதி அப்படிச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பேனலும் அதையேதான் செய்கிறது. ஆயிரம் வாசிப்பில் ஒன்றிரண்டில் மட்டும் மாறிய எழுத்து, பெரும்பாலும் இயந்திரத்தின் பிழை. நானூறில் மாறியிருந்தால், நோய்ச் செல்களில் இரண்டு பிரதியில் ஒன்று மாறிவிட்டது என்று கணக்குப் பொருந்தும். முப்பதில் மட்டும் மாறியிருந்தால், நோய்ச் செல்களுக்குள்ளேயே ஒரு சிறு கிளை தனியாகப் பிரிந்து வளர்கிறது என்று அர்த்தம். மாற்றம் உண்டா இல்லையா என்பதோடு, எத்தனைக்கு எத்தனை என்பதையும் ரிப்போர்ட் சொல்கிறது. அந்த சதவீதக் கட்டத்தைத்தான் ஒரு நல்ல மருத்துவர் முதலில் பார்ப்பார்.

இனி மூன்றும் நான்கும். இந்தத் துறையில் நான் மிகவும் வியந்த இடம் இது.

நம் செல்லில் குரோமோசோம்கள் 46, ஜோடி ஜோடியாக. சில குழந்தைகளின் நோய்ச் செல்லில் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டி அறுபது வரை போயிருக்கும். இது நல்ல சேதி. இந்த வகைப் பிள்ளைகள் மருந்துக்கு நன்றாக மசிவார்கள். இன்னும் சில குழந்தைகளுக்கு எண்ணிக்கை குறைந்து முப்பது அளவுக்கு இறங்கியிருக்கும். இது மிகக் கெட்ட சேதி. இரண்டையும் எண்ணியே பிரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் முப்பது இருக்கிற செல் சில சமயம் தன்னையே இரட்டித்துக்கொள்ளும். முப்பது அறுபதாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் நல்ல வகையைப் போலவே காட்டும். நம்பி லேசான சிகிச்சை கொடுத்தால் பிள்ளையை இழக்க நேரிடும்.

எப்படிப் பிரிப்பது? அசலாக எண்ணிக்கை கூடிய செல்லில், கூடிய குரோமோசோம்கள் பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும். 21-ஆவது மட்டும் அடிக்கடி நான்காக நிற்கும். இரட்டித்து வேஷம் போட்ட செல்லிலோ, எல்லாம் இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோ இருக்கும். அந்த இரண்டும்கூடத் தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என்று வந்தவை அல்ல. ஒன்றே ஒன்றிலிருந்து நகலெடுத்தவை. பேனலில் தாய்வழி, தந்தைவழி என்று வேறுபடும் எழுத்துகளைப் பார்த்தால், அந்தக் குரோமோசோம் முழுக்க வேறுபாடே இல்லாமல் ஒரே குரலில் இருக்கும். அங்கே வேஷம் கலைகிறது. மூன்று நல்லது, நான்கு சந்தேகம்.

இதற்கு நேர் எதிராக ஒரு மூன்றும் நான்கும் உண்டு. மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயில் எஃப்எல்டி3 என்ற மரபணுவில் ஒரு பகுதி தன்னையே திரும்ப எழுதிக்கொள்கிறது. ஒரு குழந்தைக்குப் பதினைந்து எழுத்து, இன்னொரு குழந்தைக்கு நூறுக்கு மேல். நீளம் எதுவானாலும் அது மூன்றின் மடங்காகவே இருக்கும். மரபணுவை செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கிறது. கூடுதல் எழுத்துகள் மூன்றின் மடங்காக வந்தால்தான் பின்வரும் வாசகம் குலையாமல் புரதம் உருவாகும். குலையாத அந்தப் புரதம்தான் ஓயாமல் "பெருகு, பெருகு" என்று செல்லை ஏவிக்கொண்டே இருக்கும். இலக்கணம் தப்பாத தீமை அது. அதே மைலாய்டு வகையில் என்பிஎம்1 என்ற மரபணுவில் வேறொரு மாற்றம். கடைசிப் பகுதியில் நான்கே நான்கு எழுத்து நுழைந்துவிடுகிறது. நான்கு மூன்றின் மடங்கல்ல. ஆகவே அதற்குப் பின்னால் வரும் வாசகம் முழுவதும் ஓர் எழுத்து தள்ளிப்போய் வேறாகிவிடுகிறது. உட்கருவுக்குள் இருக்க வேண்டிய புரதம் வெளியே வந்து நிற்கிறது. இதை இத்தாலியின் புருனாஞ்செலோ ஃபலினி குழு 2005-இல் கண்டுசொன்னது. எஃப்எல்டி3 மாற்றம் உடன் இல்லாதபோது, இந்த நான்கு எழுத்துப் பிழை உள்ளவர்கள் சிகிச்சைக்கு நன்றாகவே தேறுகிறார்கள். குரோமோசோம் கணக்கில் மூன்று காத்தது, நான்கு கெடுத்தது. எழுத்துக் கணக்கில் வாசகத்தைக் காப்பாற்றிய மூன்று நோயை முற்ற வைக்கிறது. வாசகத்தைக் குலைத்த நான்கு பிள்ளைக்கு இடம் விடுகிறது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது விளங்காது. எந்த இடத்தில் எந்த எண் என்று அறிந்தவருக்கே விளங்கும்.

வார்டில் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதே கேள்விதான்.

"நான் மாசமா இருந்தப்போ ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்? எங்க வம்சத்துல வந்ததுங்களா இது?"

"இல்லம்மா. நீங்க ஒண்ணும் பண்ணல. செல்லு பிரியறப்போ தானா நடந்த பிழை. உங்ககிட்டயும் இல்ல, அவங்க அப்பாகிட்டயும் இல்ல."

இந்தப் பதிலுக்கு ஆதாரம் எழுத்து வடிவில் கையில் இருக்கிறது. ஈடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் 12-ஆம், 21-ஆம் குரோமோசோம்களில் தனித்தனியாக இருக்க வேண்டியவை. சில குழந்தைகளுக்கு அவை உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இடம் மாறிய முனைகள் ஒரே சாயலில் இருப்பதால், சாயம் ஏற்றிய குரோமோசோம் வரியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, 1990-களில்தான் பிடிபட்டது. மேலை நாடுகளில் பி-செல் வகைக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது உண்டு, நம் நாட்டில் அதைவிடக் குறைவு. இந்த ஒட்டு இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்று. இதில் என்னை நிறுத்திய நுணுக்கம் வேறு. எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் நடுவே உடைந்தது என்பது குழந்தைக்குக் குழந்தை வேறு. இருவருக்கு ஒன்றாக அமைவதில்லை. லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழு, நோய் வந்த ஒத்த இரட்டைக் குழந்தைகளைப் படித்தபோது, இருவருக்கும் உடைப்பு அதே எழுத்தில் இருந்தது. ஒரு குழந்தையின் செல்லில் கருப்பைக்குள்ளேயே நேர்ந்த பிழை, நஞ்சுக்கொடி ரத்தத்தின் வழியே மற்றதற்கும் போயிருக்கிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி அட்டையில் தோய்த்து வைத்த பழைய ரத்தத் துளியிலும் அதே ஒட்டு இருந்தது. ஆனாலும் அந்த ஒட்டோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பின்னால் வேறு பிழைகளும் சேர வேண்டும். தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல முடிகிறதே, அதற்கே இந்த வாசிப்புக்கு நன்றி சொல்லலாம். சில குடும்பங்களில் பிறவியிலேயே வரும் மாற்றமும் உண்டு. அப்போதும் யூகித்துப் பயப்படாமல், தெரிந்துகொண்டு மற்ற பிள்ளைகளைக் கவனிக்கலாம்.

பிசிஆர்-ஏபிஎல்1 (BCR-ABL1; முன்பு சொன்ன பிசிஆர் வினை வேறு) என்ற ஒட்டு இன்னொன்று. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் குட்டையாகிப்போன ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அது இரண்டு குரோமோசோம்கள் முனை மாற்றிக்கொண்டதால் வந்தது என்று 1970-களில் காட்டியவர் ஜேனட் ரவுலி. இந்த ஒட்டு இருந்த குழந்தைகளில் பழைய சிகிச்சையில் மூன்றாண்டு தாண்டி நோயின்றி இருந்தவர்கள் 35 சதவீதம். இமாட்டினிப் மாத்திரையைச் சேர்த்ததும் அது 80 சதவீதம் ஆயிற்று என்று 2009-இல் அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழு வெளியிட்டது. கண்டுபிடித்தால் மட்டும் போதுமா, மருந்து வாங்க முடிய வேண்டாமா? அந்த மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அதை உறுதிசெய்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. டெல்டாவின் கூலிவிவசாயி வீட்டுப் பிள்ளைக்கு ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரி பயனுள்ள வரியாக இருப்பது இதனால்தான்.

பேனலின் தனிப் பெருமையும் இதையொட்டியே வருகிறது. பிசிஆர்-ஏபிஎல்1 இல்லாமலே அச்சாக அதைப் போல நடந்துகொள்ளும் ஒரு வகையை 2009-இல் கண்டார்கள். அங்கே சிலருக்கு ஏபிஎல் குடும்பத்து மரபணு வேறு ஏதோ ஒரு துணையோடு ஒட்டியிருக்கும். வழக்கமான பரிசோதனை, தனக்குத் தெரிந்த ஜோடியைத்தான் தேடும். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதிவிடும். ஆர்என்ஏ வழியாகப் படிக்கும் பேனலுக்கு ஒரு பக்கம் தெரிந்தால் போதும், மறுபக்கம் யார் என்பதை அதுவே படித்துச் சொல்லிவிடும். கைக்குழந்தைகளின் நோயில் வரும் கேஎம்டி2ஏ மரபணுவுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட துணைகள் இருப்பது தெரிந்ததிலும் இப்படிப்பட்ட வாசிப்புக்குப் பங்கு உண்டு.

நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய எழுத்து ஒன்று நோய்ச் செல்லில் இல்லை; பிறவியிலேயே உடம்பு முழுக்க இருப்பது. சிகிச்சையின் கடைசிக் கட்டம் ஒன்றரை, இரண்டு ஆண்டு நீளும். தினமும் இரவு மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். (மெத்தோட்ரெக்சேட் வகை மருந்துக்கு 1940-களில் வழிதிறந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.) என்யூடிடி15 என்ற மரபணுவில் 415-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மெர்காப்டோபியூரினிலிருந்து உருவாகும் வீரியப் பொருள் செல்களில் தேங்கி, வெள்ளையணுக்களை அடியோடு சரித்துவிடும். இரண்டு பிரதியும் மாறிய குழந்தைகள் திட்டமிட்ட அளவில் 8 சதவீதத்தைத்தான் தாங்கினார்கள் என்று 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. ஐரோப்பியரிடம் இந்த மாற்றம் அரிது, ஆசியரிடம் அதிகம்; இந்தியரிடமும் தாராளமாக உண்டு. மேலைநாட்டுப் புத்தக அளவை அப்படியே கொடுத்தால், நோயிலிருந்து தேறிய பிள்ளை காய்ச்சலிலும் கிருமித் தொற்றிலும் விழும். முன்பே படித்துவைத்தால் 50 மில்லிகிராம் மாத்திரையை அரையாக, காலாக, ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்துக்கொள்ளலாம். மருந்தைக் கூட்டுவதற்குத்தான் பெரிய பரிசோதனை என்று நினைக்கிறோம். குறைப்பதற்கும் அதுவே துணிவு தருகிறது.

மைலாய்டு வகையில் ஒரு கிளைக்கு வேலூர் சிஎம்சி செய்ததும் இந்த ரகம்தான். பிஎம்எல்-ராரா என்ற ஒட்டு உறுதியானால், கடுமையான கீமோதெரபிக்குப் பதில் ஆர்செனிக் ட்ரையாக்சைடை மட்டும் கொடுத்து 72 பேருக்குச் சிகிச்சை செய்த அனுபவத்தை அவர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். நோய் அடங்கி நெடுநாள் அப்படியே இருந்தது, தொல்லை குறைவு. நோயின் எழுத்து சரியாகத் தெரிந்ததால் கிடைத்த சலுகை அது.

எல்லாப் பிள்ளைக்கும் முதல் நாளே பேனல் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தகடு, செல்களை வகைபிரிக்கும் ஃப்ளோ பரிசோதனை, குரோமோசோம் எண்ணிக்கை, தெரிந்த ஒட்டுகளை ஒளிரும் துண்டுகளால் தேடும் ஃபிஷ் என்ற வரிசையிலேயே பெரும்பாலானவர்களுக்கு விடை கிடைத்துவிடும். இந்தியக் குழந்தைகளுக்கென்று ஐசிக்கில் கூட்டமைப்பு வகுத்த முறையும், வயது, வெள்ளையணு எண்ணிக்கை, ஆரம்ப மருந்துக்கு நோய் அடங்கிய விதம், மிச்சமிருக்கும் நோய்ச் செல், மரபணு மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறது. இத்தனைக்குப் பிறகும் "எதிலும் சேராதது" என்று நிற்கும் குழந்தைகள் உண்டு. பேனலின் அருமை அவர்களிடம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வாசிப்பு காசு பார்த்து மறுக்கப்படக் கூடாது. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எடுக்கும் மஜ்ஜையும் தாமதமின்றி, சரியான குழாயில், குளிர்ச்சி குலையாமல் வாசிப்பு மையத்துக்குப் போய்ச் சேர அரசு ஒரு வழி செய்ய வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தை வெளுத்துப்போய், விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்து, கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்து, அடிபடாமலே உடம்பில் நீலம் நீலமாகக் கன்றிப்போனால், கடையில் கேட்டு வாங்கியோ யாரோ எழுதிக்கொடுத்தோ ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, சொட்டு எதையும் போட்டுவிடாதீர்கள். அது இந்த நோய்க்கும் மருந்துதான். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டு, பிள்ளை ஓடியாடும். மஜ்ஜையில் நோய்ச் செல்கள் தற்காலிகமாக மறைந்துபோகும். மேலே எழுதிய அத்தனை நுட்பமும் அதன்பின் படிப்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கும், நோய் திரும்பி வரும்போது முன்னைவிட முரண்டு பிடிக்கலாம். முதலில் முழு ரத்தப் பரிசோதனையும் ரத்தத் தகடும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் மஜ்ஜை எடுத்த பிறகுதான் மருந்து.

முன்பே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்று சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.